பில்டை (ஐட்டம் வாங்கும் வரிசையை) மனப்பாடம் செய்யாமல் ஐட்டம் தேர்ந்தெடுப்பது எப்படி?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: இரண்டு அணிகள் ஹீரோக்களோடு மோதும் மொபைல் கேம்களில் ஒன்றான வைல்ட் ரிஃப்டை ஒன்றரை வருடம் ஆடிவிட்டு, அதே வகையான மொபைல் லெஜண்ட்ஸுக்கு வந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் மார்க்ஸ்மேன், அதாவது தூரத்திலிருந்து அடிக்கும் ஹீரோ. ரேங்க் பட்டியலில் மேலே இருப்பவர்களின் பில்டை அப்படியே எடுத்து வைத்திருக்கிறீர்கள். முதல் ஆறேழு நிமிடம் நன்றாகப் போகிறது. அப்புறம் எதிரணி டேங்க் (அடி தாங்குவதற்கென்றே உள்ள ஹீரோ) முன்னால் வந்து நின்றால் உங்கள் அடி அவர் மேல் ஏறுவதாகவே தெரியவில்லை. கடைசியில் "சரியான பில்ட் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே புள்ளிவிவரத் தளங்களைப் பற்றியும், ஐட்டம் வைக்க ஆறே இடம் ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கையில் 2000 கோல்டு (ஆட்டத்துக்குள் சேரும் காசு) சேர்ந்த நொடியில் அடுத்து எதை வாங்குவது என்று நீங்களாக முடிவெடுக்கத் தெரிய வேண்டும், அதுதான் உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் வெயின்குளோரி என்ற பழைய கேமின் காலத்திலிருந்து இந்த வகை ஆட்டங்களை மொபைலில் ஆடி வருகிறேன். நண்பர்கள் சேர்ந்து ஆடும் சின்ன அணியில் ஐட்டம் கணக்கு பார்த்துச் சொல்கிற வேலை பல வருடமாக என்னுடையது. களத்தின் பாதைகளில் கோல்டு லேனும் மிட் லேனும்தான் எனக்குக் கைவந்தவை. ஒரே லேனில் நிற்காமல் சுற்றி அணிக்கு உதவும் ரோம் குறைவாகவே ஆடியிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தை லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். கீழே சொல்வதில் சில விஷயங்கள் சுத்தக் கணக்கு, எந்தப் பேட்ச் (கேமின் எண்களை மாற்றும் புதுப்பிப்பு) வந்தாலும் நிற்கும். சில விஷயங்கள் என் அனுபவத்தில் நான் எடுத்த முடிவுகள், அவற்றில் நீங்கள் என்னோடு மாறுபடலாம். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்களை வாட்டும் டேங்க். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் (வைல்ட் ரிஃப்டின் மூலமான கணினி கேம்), வைல்ட் ரிஃப்ட் இரண்டிலும் ஆர்மர், அதாவது பிஸிகல் அடியைத் தடுக்கும் எண், வேலை செய்யும் விதம் எளிது: நூறை, நூறும் ஆர்மரும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வருவது எவ்வளவோ, அந்தப் பங்கு அடிதான் உள்ளே போகும். ஆர்மர் 100 என்றால் பாதி அடி. 200 என்றால் மூன்றில் ஒரு பங்கு. மற்ற கேம்களில் அந்த நூறு வேறு எண்ணாக இருக்கலாம், ஆனால் கணக்கின் உருவம் பெரும்பாலும் இதுதான். இப்போது உங்கள் ஹீரோவுக்கு 400 அட்டாக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரில் நிற்கும் டேங்குக்கு 200 ஆர்மர். ஒரு அடிக்கு 133 போகிறது. கையில் இருக்கும் கோல்டுக்கு இரண்டு ஐட்டங்களில் ஒன்றை வாங்கலாம். ஒன்று 100 அட்டாக் தரும், மற்றது 40 சதவீத பெனிட்ரேஷன் தரும், அதாவது எதிரியின் ஆர்மரில் அவ்வளவு பங்கைக் கணக்கில் எடுக்காமல் அடிக்கும். அட்டாக் ஐட்டத்தை வாங்கினால் அடி 167 ஆகும், அதாவது 25 சதவீதம் கூடுதல். பெனிட்ரேஷனை வாங்கினால் டேங்கின் 200 ஆர்மர் உங்களுக்கு 120 ஆகத் தெரியும், அடி 182 ஆகும், 36 சதவீதம் கூடுதல். அதே இரண்டு ஐட்டங்களை 50 ஆர்மர் மட்டுமே உள்ள மேஜ் (மேஜிக்கால் அடிக்கும் ஹீரோ) மீது வைத்துப் பாருங்கள். அட்டாக் ஐட்டம் அங்கேயும் அதே 25 சதவீதம் தரும், பெனிட்ரேஷனோ 15 சதவீதம்தான் தரும். இந்தக் குறிப்பிட்ட எண்களுக்கு இரண்டும் சமமாகும் இடம் சரியாக 100 ஆர்மர். நிஜத்தில் பெனிட்ரேஷன் ஐட்டத்தோடு கொஞ்சம் அட்டாக்கும் சேர்ந்தே வரும், அதனால் அந்தக் கோடு இன்னும் கீழே இறங்கும்.

அந்த முன்னணி வீரரின் பில்ட் உங்கள் மேட்சில் தடுமாறக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருடைய மேட்சில் யாரை அடிக்க வேண்டியிருந்தது என்பது அந்தப் பட்டியலில் எழுதியிருக்காது. நீங்கள் மூன்றாவதாகவும் வெறும் அட்டாக்கையே வாங்குகிறீர்கள், எதிரே இரண்டு டேங்க் ஆர்மரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மொபைல் லெஜண்ட்ஸில் இந்த இடத்துக்கென்றே இருப்பது மேலஃபிக் ரோர் என்ற பெனிட்ரேஷன் ஐட்டம். மேஜுக்கு அதே வேலையை டிவைன் கிளேவ் செய்கிறது. டிமன் ஹண்டர் சோர்டும் டேங்குக்கு எதிரானதுதான், ஆனால் அது தொடும் இடம் வேறு. எதிரியிடம் அந்த நொடியில் மீதமிருக்கும் உயிரில் ஒரு குறிப்பிட்ட பங்கை ஒவ்வொரு அடியிலும் எடுக்கும். டேங்க் முழு உயிரோடு இருக்கும்போது அதன் அடி பெரிது, உயிர் இறங்க இறங்க அடியும் சிறுக்கும். ஆகவே எதிரணி டேங்க் ஆர்மரைக் குவிக்கிறாரா, உயிரைக் குவிக்கிறாரா என்று பார்த்துத்தான் இவற்றில் எது முந்துவது என்று சொல்ல முடியும். ஸ்கோர்போர்டைத் திறந்தால் அவர் வாங்கிய ஐட்டம் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. அதைப் பார்க்காமல் நானும் வருடக்கணக்கில் ஆடியிருக்கிறேன், பார்க்கத் தொடங்கியபின் ஆட்டமே வேறாகத் தெரிந்தது.

சதவீத பெனிட்ரேஷன் ஒரு பக்கம் இருக்கட்டும், நேராக ஒரு எண்ணைக் கழிக்கும் பெனிட்ரேஷனும் உண்டு. 20 கழிக்கும் ஐட்டம் என்றால், 40 ஆர்மர் உள்ளவருக்கு அடி சுமார் 17 சதவீதம் கூடும், 200 உள்ளவருக்கு 7 சதவீதம்தான். அதனால் அது ஆரம்ப நிமிடங்களுக்கும் மெலிந்த ஹீரோக்களைத் தேடிப்போய் அடிப்பவருக்கும் உரியது. அசாசின் (பாய்ந்து சட்டென்று கொல்லும் ஹீரோ) ஆடுபவர்கள் அதை முதலிலேயே வாங்குவது இதனால்தான்.

இதே கணக்கை டேங்கின் பக்கம் நின்று பார்ப்போம், ஏனென்றால் இங்கே ஒரு தவறான நம்பிக்கை நிறைய பேரிடம் இருக்கிறது. ஆர்மர் 0 இலிருந்து 100 ஆனால் 50 சதவீதம் தடுக்கிறது, 100 இலிருந்து 200 ஆனால் கூடுதலாக 17 சதவீதம்தான் தடுக்கிறது, அதனால் மேலே போகப் போக ஆர்மர் வீண் என்பார்கள். திரையில் தெரியும் சதவீதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மொத்தம் எவ்வளவு அடி தாங்குகிறார் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 3000 உயிரும் 0 ஆர்மரும் இருந்தால் அவரைச் சாய்க்க மொத்தம் 3000 அளவுக்கு அடி வேண்டும். 100 ஆர்மருக்கு 6000, 200 ஆர்மருக்கு 9000. ஒவ்வொரு நூறும் அதே 3000-ஐத்தான் சேர்க்கிறது, எதுவும் குறையவில்லை. இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. உயிரும் ஆர்மரும் பெருக்கிக்கொள்கிறவை, ஒன்றை மட்டும் குவித்தால் மற்றதன் பலன் வீணாகும். ஏற்கெனவே ஆர்மர் நிறைய இருக்கிறது என்றால் அடுத்த கோல்டு உயிருக்குப் போகலாம். உயிர் நிறைய இருந்தால் ஆர்மருக்குப் போகலாம். எதிரணியில் மேஜ்தான் கொல்கிறார் என்றால் ஆர்மர் எதையும் தடுக்காது, மேஜிக் டிஃபன்ஸ் வேண்டும். இரண்டு பக்கமிருந்தும் அடி வந்தால் உயிர் பொதுவாகப் பயன்படும். ட்ரூ டேமேஜ் என்ற வகை அடி ஆர்மர், மேஜிக் டிஃபன்ஸ் இரண்டையும் கடந்து போகும், அதற்கு உயிர்தான் பதில்.

மார்க்ஸ்மேனின் அடியும் பெருக்கல்தான். அட்டாக், அட்டாக் ஸ்பீட், கிரிட் (சில அடிகள் கூடுதலாக விழும் வாய்ப்பு) மூன்றும் ஒன்றோடொன்று பெருகுகின்றன. 200 அட்டாக், நொடிக்கு ஒரு அடி என்று தொடங்குங்கள். 100 அட்டாக் சேர்த்தால் நொடிக்கு 300. மறுபடியும் 100 அட்டாக் சேர்த்தால் 400. இரண்டாவதுக்குப் பதில் 50 சதவீத அட்டாக் ஸ்பீட் சேர்த்திருந்தால் 450. இதனால்தான் நல்ல பில்டுகள் ஒரே பண்பை மூன்று முறை வாங்குவதில்லை. கிரிட் வாய்ப்பு 100 சதவீதத்தைத் தாண்டினால் மிச்சம் வீண். அதே மாதிரி ஒரே பெயருள்ள பேசிவ் (ஐட்டம் தானாகத் தரும் சிறப்பு விளைவு) இரண்டு ஐட்டங்களில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் வேலை செய்யும். விளக்கத்தில் அது தனித்த பேசிவ் என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கில்லை நம்பி ஆடும் ஹீரோவுக்கு கிரிட் வாங்குவது பொதுவாகப் பயனில்லை, ஏனென்றால் பெரும்பாலான ஸ்கில் கிரிட் ஆகாது. ஸ்கில் விளக்கத்தில் "300, அதோடு அட்டாக்கில் 60 சதவீதம்" என்பது போல ஒரு வரி இருக்கும். நிலையான எண் பெரிதாகவும் சதவீதம் சிறிதாகவும் இருந்தால், அட்டாக்கைவிட கூல்டவுனை (ஸ்கில்லை மறுபடி போடக் காத்திருக்கும் நேரத்தை) குறைக்கும் ஐட்டம் சீக்கிரம் பலன் தரும்.

கூல்டவுன் பற்றி ஒரு நுணுக்கம் சொல்லிவிடுகிறேன், இரண்டு கேமுக்கும் இடையே மாறியவர் நீங்கள் என்பதால். மொபைல் லெஜண்ட்ஸில் அது சதவீதமாகக் கழிகிறது, ஒரு உச்சவரம்பும் உண்டு. வைல்ட் ரிஃப்டில் எபிலிட்டி ஹேஸ்ட் என்ற எண்ணாகக் கூடுகிறது. சதவீதமாகக் கழிந்தால் பிந்தைய 10 சதவீதத்துக்கு மதிப்பு அதிகம்: 0 இலிருந்து 10 போனால் ஸ்கில்லை 11 சதவீதம் கூடுதலாகப் போடலாம், 30 இலிருந்து 40 போனால் சுமார் 17 சதவீதம் கூடுதலாகப் போடலாம். ஆகவே சதவீத முறையில் கொஞ்சம் வாங்கிவிட்டு நிறுத்துவதைவிட வரம்புவரை போவது லாபம், வரம்பைத் தாண்டினால் நஷ்டம். ஹேஸ்டில் இந்தச் சிக்கல் இல்லை. 10 ஹேஸ்ட் எப்போது சேர்ந்தாலும், ஆரம்பத்தில் போட்ட வேகத்தில் 10 சதவீதம் கூடும்.

கணக்கு இதோடு நிற்கட்டும். அடுத்தது நேரம், இது பாதி கணக்கு, பாதி என் அனுபவம். கோல்டு பையில் இருக்கும்வரை அதற்கு எந்தப் பலமும் இல்லை. வைல்ட் ரிஃப்டில் வாங்கத் தளத்துக்குத் திரும்பியாக வேண்டும், அதனால் எப்போது திரும்புவது என்பதே அங்கே பெரிய முடிவு. முழு ஐட்டத்துக்கு 200 குறைகிறது என்றால் லேனில் அலையாக வரும் சிறு வீரர்களான மினியன்களை இன்னொரு முறை அடித்துவிட்டுப் போவதா, இப்போதே போவதா என்று யோசிப்பீர்கள். வெயின்குளோரியில் லேனுக்கு வெளியே உள்ள காட்டுப் பகுதியான ஜங்கிளுக்குள்ளேயே ஒரு கடை இருந்தது, அந்தக் கடையை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதே சண்டையானது. மொபைல் லெஜண்ட்ஸில் நின்ற இடத்திலேயே வாங்கலாம். சுலபம்தான், ஆனால் அந்த முடிவு எடுக்கும் இடைவெளியே உங்களுக்குப் போய்விட்டது. கோல்டு சேர்ந்தவுடன் திரையோரத்தில் அடுத்த ஐட்டத்தின் படம் எழுகிறது, விரல் தானாக அதைத் தட்டிவிடுகிறது. நீங்கள் வைல்ட் ரிஃப்டில் தளத்துக்குப் போகும் வழியில் யோசித்த அந்த ஐந்தாறு நொடி இங்கே இல்லை. உங்கள் ஆட்டம் ஆறேழு நிமிடத்துக்குமேல் தளர்வதில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு ஐட்டத்தின் பேசிவ் பொதுவாக அதன் பாகங்களையெல்லாம் வாங்கி அது முழுதாக முடிந்தபின்தான் கிடைக்கும். இரண்டு ஐட்டங்களைப் பாதி பாதியாக வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறவர், ஒன்றை முடித்துவிட்டு வரும் அதே அளவு கோல்டுள்ள எதிரியிடம் பல நேரம் தோற்பார். அதனால் எதிரணி மார்க்ஸ்மேன் தன் முதல் பெரிய ஐட்டத்தை முடித்துவிட்டார், உங்களுக்கு இன்னும் 400 கோல்டு வேண்டும் என்றால், அடுத்த அரை நிமிடம் அவரிடமிருந்து தள்ளியே இருங்கள். முடித்தபின் நீங்கள் தேடிப் போகலாம். இதை நான் நூற்றுக்கணக்கான மேட்ச்களில் பார்த்திருக்கிறேன், ஆனால் ஹீரோவைப் பொறுத்து மாறும். சில ஹீரோக்களுக்கு ஒரு ஐட்டமே போதும், சிலர் மூன்று முடிக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

காப்பு ஐட்டம் வாங்க மார்க்ஸ்மேன்கள் மிகவும் தயங்குகிறார்கள், இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு சண்டை எட்டு நொடி நடக்கிறது என்று கற்பனை செய்யுங்கள். நொடிக்கு 500 அடிக்கும் நீங்கள் மூன்றாவது நொடியில் விழுந்தால் மொத்தம் 1500. ஒரு அட்டாக் ஐட்டத்துக்குப் பதில் காப்பு ஐட்டம் வாங்கி, நொடிக்கு 400 அடித்து, ஆறு நொடி நின்றால் 2400. எந்தக் காப்பு என்பது உங்களைக் கொல்வது யார் என்பதில் இருக்கிறது. பிஸிகல் அசாசின் பாய்கிறார் என்றால் விண்ட் ஆஃப் நேச்சர், சில நொடிக்கு பிஸிகல் அடி எதுவும் படாது. மேஜ் அடுத்தடுத்துப் போடும் ஸ்கில்களில் ஒரேயடியாகப் போய்விடுகிறீர்கள் என்றால், மேஜிக் அடியைக் குறைக்கும் ஏதீனாஸ் ஷீல்ட் வகை. யாராவது ஒருவர் எப்படியும் உங்களை எட்டிவிடுகிறார் என்றால், விழுந்தவரை மறுபடி எழுப்பும் இம்மார்டாலிட்டி, ஆனால் எழுந்திருக்கும் இடத்தில் எதிரிகளே சூழ்ந்து நின்றால் இரண்டாவது உயிரும் உடனே போகும், அதற்குமுன் நிற்கும் இடத்தைத்தான் திருத்த வேண்டும். பல மாதம் முன்பு ஒரு நீண்ட மேட்சில் எதிரணி மேஜ் என்னை நான்கு முறை தொடர்ந்து சாய்த்தார். திரையில் வந்த பரிந்துரையைத் தட்டித் தட்டி ஆறு இடத்தையும் அட்டாக்கால் நிரப்பியிருந்தேன். ஐந்தாவது முறை ஒரு ஐட்டத்தை விற்று மேஜிக் டிஃபன்ஸ் வாங்கினேன். விற்கும்போது கொடுத்த விலை முழுதாகத் திரும்பாது, அந்த நஷ்டத்தோடும் அடுத்த சண்டையில் கடைசிவரை நின்றேன்.

குணமாதலைக் குறைக்கும் ஐட்டங்கள், அதாவது சீ ஹால்பர்ட், டாமினன்ஸ் ஐஸ் போன்றவை, எதிரணியில் யாராவது அடித்த அளவுக்கு உயிரை மீட்டுக்கொண்டே இருந்தால் மட்டும். எதிரியின் குணமாதல் சிறிதாக இருந்தால் அதில் பாதியைக் குறைத்தும் லாபமில்லை. அணியில் எல்லோரும் வாங்க வேண்டியதில்லை, ஒரே வகை விளைவு பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று கூடாது. சண்டை முழுக்கத் தொடர்ந்து அடிபடுகிற அல்லது அடிக்கிற ஒருவர் வாங்கினால் போதும். ஷீல்டையும் (உயிருக்கு மேல் வரும் தற்காலிகக் காப்பையும்) அது குறைக்குமா என்பது கேமுக்குக் கேம் வேறு, விளக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள். ரோம் ஆடுபவர்களின் ஐட்டம் மொபைல் லெஜண்ட்ஸில் செருப்போடு (நடக்கும் வேகம் தரும் ஐட்டத்தோடு) சேர்ந்தே வருகிறது, ஜங்கிளில் ஆடும் ஜங்கிளருக்கும் அப்படியே. உங்கள் அணியின் ரோம் செருப்போடு எந்த பிளெஸ்ஸிங் (கூடுதல் விளைவு) எடுத்திருக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டால் உங்களுக்குப் போதும்.

புள்ளிவிவரத் தளங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு ஐட்டத்தின் வெற்றி விகிதம் அதிகம் என்று பார்த்தவுடன் அதை வாங்கிவிடாதீர்கள். விலை அதிகமான ஐட்டத்தையும் ஆறாவது இடத்து ஐட்டத்தையும் முடிக்கிறவர் ஏற்கெனவே கோல்டில் முன்னால் இருப்பவர். அவர் ஜெயிக்கவிருந்த மேட்சில் அந்த ஐட்டம் போய் உட்கார்ந்துகொண்டது, எண் மட்டும் ஐட்டத்தின் கணக்கில் ஏறிவிட்டது. பின்தங்கியிருக்கும்போது வாங்கும் காப்பு ஐட்டங்களுக்கு நேர்மாறாக நடக்கும். முதல் ஐட்டத்தின் விகிதத்தை ஓரளவு நம்பலாம், ஏனென்றால் அதை இரு பக்கமும் வாங்கி முடிக்கிறார்கள். எந்த ஐட்டம் முதலில் என்பதில் கணக்கு முழு விடை தராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே லேனில் எதிரே நிற்பவர், உங்கள் கை, அந்தப் பேட்சின் எண்கள் எல்லாம் கலக்கின்றன. என் முடிவுகள் பேட்ச் வந்த பிறகு பலமுறை மாறியிருக்கின்றன.

ஐட்டம் வைக்க ஆறே இடம் ஏன் என்று கேட்டிருந்தீர்களே, அது பழைய கதை. 2002 இல் வந்த வார்கிராஃப்ட் 3 இல் ஹீரோவின் பையில் ஆறு இடம் இருந்தது. அதன்மேல் கட்டிய டோட்டா அதை எடுத்துக்கொண்டது, 2009 இல் வந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் ஆறையே வைத்துக்கொண்டது, அங்கிருந்து மொபைலுக்கு வந்தது. எல்லோரும் பின்பற்றவில்லை. போகிமான் யுனைட்டில் மேட்சுக்குள் கடையே கிடையாது, ஹெல்ட் ஐட்டம் மூன்றையும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எதிரியைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அங்கே இல்லாததால், இங்கே சொன்னதில் பாதி அந்தக் கேமுக்குப் பொருந்தாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பில்டில் செருப்பையும் முதல் இரண்டு ஐட்டங்களையும் மாற்ற வேண்டாம், அவை ஹீரோவின் இயல்புக்காக வைக்கப்பட்டவை. அடுத்த இடத்தை மட்டும் காலியாக நினைத்துக்கொள்ளுங்கள். மொபைல் லெஜண்ட்ஸில் ஒரே ஹீரோவுக்குப் பல பில்டுகளைச் சேமித்து மேட்சின் நடுவிலேயே மாற்றலாம். அந்த இடத்தில் பெனிட்ரேஷன் உள்ள ஒன்று, டிமன் ஹண்டர் சோர்ட் உள்ள ஒன்று, காப்பு உள்ள ஒன்று என்று மூன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஐட்டம் முடிகிற நேரத்தில் ஸ்கோர்போர்டைத் திறந்து, உங்களைக் கொன்றவர் யார், உங்கள் அடியை வாங்கிக்கொண்டு நிற்பவர் என்ன வாங்கியிருக்கிறார் என்று இரண்டை மட்டும் பார்த்துவிட்டு மூன்றில் ஒன்றுக்கு மாறுங்கள். சாய்ந்து கிடக்கும் காத்திருப்பு நேரத்தில் பார்த்தால் ஆட்டத்துக்கும் இடைஞ்சல் இல்லை. பத்து மேட்ச் இப்படி ஆடிவிட்டு, தோற்ற மேட்ச்களின் ஸ்கோர்போர்டுப் படங்களை, எந்த நிமிடத்தில் எது வாங்கினீர்கள் என்ற குறிப்போடு போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.